புளியமரத்தின் ஜாக்கெட் அளவு

எங்கள் வீட்டுப் புளியமரம் சாய்ந்தது 2005ஆம் வருஷத்துக் கார்த்திகை மழையில். காலை பத்து மணி இருக்கும். நான் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன். காற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் மண் கூழாகிப்போய், வேலை முடிந்து வந்தவர் நாற்காலியில் சாய்வது மாதிரி மரம் மெதுவாகச் சாய்ந்தது. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வருவதற்கு நேரம் இருந்தது, அவ்வளவு நிதானம். முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்துபோனபோது அசையாமல் நின்ற மரம் அது.

விழுந்ததில் யாருக்கும் அடியில்லை. ஓடுகூட உடையவில்லை. ஆனால் விழுந்த இடம் அப்படி. மரக்காணம் உப்பளத்தை ஒட்டின தெருவில் எங்களுடையது கடைசி வீடு. பின்னாலும் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். மழைக்காலத்தில் அதெல்லாம் ஒரே தண்ணீர். வெளியே போக இருப்பது தெரு ஒன்றுதான். அந்தத் தெருவுக்குக் குறுக்கே, ஒரு பக்கத்து வேலியிலிருந்து மறு பக்கத்து வேலி வரைக்கும், யாரோ அளவெடுத்துப் போட்டது மாதிரி மரம் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு நின்ற வேர், மறு பக்கம் மண்ணில் ஊன்றிய கிளைகள். இரண்டுக்கும் நடுவே அடிமரம் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கலாக நின்றது. அதன் மேல்பக்கம் என் நெஞ்சு உயரம். ஆடுகள் அடியில் நுழைந்து போயின. ஆட்களுக்கு லேசில் ஏறவும் முடியாது, நுழையவும் மனசு வராது.

என் கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் அவருக்கு வேலை கிடையாது. குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து, "ஒண்ணும் பயப்படாத. ஆள வெச்சு நாளைக்கே எடுத்துடலாம்" என்றார். சுற்றி வந்தார் என்று எழுதிவிட்டேன். சுற்ற முடியாது. இந்தப் பக்கமாகவே போய்த் திரும்பி வந்தார்.

மறுநாள் மரம் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் கோடாலியோடு வந்தார்கள். ஒருவர் ஓங்கி ஒரு போடு போட்டார். கோடாலி துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. இன்னொருவர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பச்சப் புளிங்க இது. ரப்பர் மாதிரி. காஞ்சா இரும்பு. ரோட்டோரம் வரிசையா விழுந்து கெடக்குது, அதெல்லாம் முடிச்சுட்டுப் பொங்கலுக்கு அப்புறம் வர்றோம்" என்றார். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னார். இந்தப் பக்கம் வரவே இல்லை.

எனக்கு அது கிறிஸ்துமஸ் தையல் காலம். பங்குக் கோயிலின் பாட்டுக் குழுவுக்கு அந்த வருஷம் சீருடை வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பெண்கள், எல்லாருக்கும் ஆகாய நீலத்தில் ஜாக்கெட். மரம் விழுவதற்கு முன்பே துணி மொத்தமாக வந்து என் வீட்டில் இறங்கிவிட்டது. அளவுதான் எடுக்கவேண்டும். எல்லாரும் குடையோடு வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

வேறு வழி இல்லாமல் நான் இந்தப் பக்கம் ஒரு மணையைப் போட்டு ஏறி நின்று, மரத்தின் மேல் குனிந்து டேப்பைப் போட்டேன். ஒவ்வொருத்தியும் வந்து மரத்தை ஒட்டி நிற்பாள். கையைத் தூக்குவாள். நான் மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று சொல்லச் சொல்ல, என் கணவர் எனக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்று என் அளவு நோட்டில் எழுதினார். முதுகு எடுக்கவேண்டும் என்றால் அவர்கள் திரும்பி மரத்தின்மேல் சாய்ந்துகொள்வார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி மரத்தின்மேல் டீ பிளாஸ்கைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் அளவுக்கு வராதவர்களும் வந்து நின்றார்கள்.

பாட்டு டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டுக் குழுவை நடத்துகிறவர் அவர். அந்த வருஷம்தான் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருந்தார். நான் அவரை அந்த மாதம் முழுக்கத் தலையிலிருந்து கால் வரைக்கும் மழைக்கோட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, நடுத்தெருவுல நின்னு நான் கையத் தூக்க மாட்டேன். அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்தனுப்பறேன். அத வெச்சுத் தெச்சுடு" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்று நோட்டில் ஒரு பக்கத்தின் தலையில் 'பாட்டு டீச்சர்' என்று எழுதி, கீழே காலியாக விட்டேன்.

என் கணவருக்கு மரம் அறுக்கிற மிஷின் ஞாபகம் வந்தது இந்தச் சமயத்தில்தான். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் சாய்ந்துகிடந்த சவுக்கு மரங்களை யாரோ வெளியூர்க்காரர்கள் மிஷின் வைத்து வெள்ளரிக்காய் மாதிரி அறுத்துத் தள்ளியதை அவர் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு மனசுக்குள் அந்த மிஷின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மரம் விழுந்ததில் அவருக்கு வருத்தம்கூட இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"சொந்தமாவே ஒண்ணு வாங்கிடலாம். இந்த மரம் மட்டுமா? வேலிகாத்தான் முள்ளுமரம் எத்தன கெடக்குது. வெறகுக்கு வெறகு ஆச்சு."

"எவ்ளோ பெருசு வாங்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"மரம் எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருசு" என்றார்.

அதற்காக என் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். என் நோட்டையும்தான். இரண்டு நாள் நான் டேப்புக்காக மரத்தைப் பார்த்து, "ஏங்க! டேப்பு!" என்று கத்துவதும், அவர் கிளைகளுக்குள்ளிருந்து, "இரும்மா, இடுப்பு எடுத்துக்கினு இருக்கறேன்" என்று பதில் சொல்வதுமாக இருந்தது. அடிமரம், நடுமரம், கிளை, கவட்டை எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி அளந்தார். மழையில் நனைந்த நோட்டின் பின்பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

நான் வெட்டுவதற்கு உட்கார்ந்த அன்றைக்கு, "டீச்சர் அளவு வந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

"எல்லா அளவும் எழுதிட்டேன்" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். 'பாட்டு டீச்சர்' என்பதற்குக் கீழே அவர் கையெழுத்தில் நான்கு எண்கள் இருந்தன. 16, 46, 42, 17. ஜாக்கெட் உயரம் பதினாறு. மார்பு நாற்பத்தாறு. இடுப்பு நாற்பத்திரண்டு. கைச்சுற்று பதினேழு. அளவு ஜாக்கெட் வந்து, அதை அளந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மழைக்கோட்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த இடத்தில் கண்ணை நம்பாதே, டேப்பை நம்பு என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். நம்பினேன். துணியைத் தாராளமாக வெட்டித் தைத்து மடித்து வைத்துவிட்டேன்.

அந்த வாரமே மிஷின் வாங்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். அவர் மரத்தில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். நான் புடவையைச் சொருகிக்கொண்டு ஆடுகள் போகிற வழியில் போனேன்.

கடை, தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் மருந்து அடிக்கிற மிஷினும் விற்கிற கடை. கல்லாவில் இருந்தவர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். என் கணவர் உட்காரக்கூட இல்லை.

"எழுபத்தஞ்சு இஞ்சுல ஒண்ணு குடுங்க."

"எதுங்க?"

"மரம் அறுக்கற மிஷின். பிளேடு எழுபத்தஞ்சு இஞ்சு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், மரம் எங்க இருக்குது?"

"எங்க வீட்டு வாசல்ல."

"எங்கிட்ட இருக்கறதுலயே பெருசு இருபத்தஞ்சு இஞ்சுதான். மூணு மிஷின ஒட்டவெச்சாதான் நீங்க கேக்கறது வரும்."

என் கணவர் கொஞ்ச நேரம் அதை யோசித்தார். "ஒட்டவெக்க முடியுங்களா?" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, "அளவெல்லாம் எழுதியிருக்கீங்களா? படிங்க, பாக்கலாம்" என்றார். என் கணவர் பையிலிருந்து என் நோட்டை எடுத்துப் பிரித்தார். பின்பக்கம் ஒட்டிக்கிடந்ததால் முன்பக்கம் திறந்துகொண்டது. அவர் தலைப்பைப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தி வாசித்தார்.

"முப்பத்தாறு, முப்பது, பதிமூணு. முப்பத்தெட்டு, முப்பத்திரண்டு, பதிமூணரை. முப்பத்திநாலு, இருபத்தெட்டு, பன்னண்டு..."

கடைக்காரர் ஒரு தாளில் கவனமாக எழுதிக்கொண்டே வந்தார். "மொத்தம் எத்தன மரம் சார்?"

"இதுல இருபத்திரண்டு இருக்குது போலருக்குதே" என்று என் கணவர் பக்கங்களை எண்ணிப் பார்த்துத் தானே ஆச்சரியப்பட்டார்.

"எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸு. தோப்புதான். சரி, மேல?"

"முதுகு எறக்கம் ஏழு. கழுத்து..." என்று வாசித்து நின்றார்.

"முதுகா?" என்றார் கடைக்காரர். "மரத்துக்கு முதுகு எது சார்?"

நான் நோட்டைப் பிடுங்கினேன். கோயிலில் பாடுகிற பெண்களின் அளவெல்லாம் ஒரு மோட்டார் கடையின் தாளில் ஏறிவிட்டதே என்று எனக்கு உடம்பு கூசியது. அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்தேன். அந்தப் பதற்றத்தில் டீச்சரின் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

"எழுபத்தஞ்சுங்கறது சுத்தளவுங்க" என்றேன் கடைக்காரரிடம். பிறகு என் கணவரிடம் திரும்பினேன். "வளையல் கடையில போயி யாராவது மணிக்கட்டு சுத்தளவச் சொல்லி வளையல் கேப்பாங்களா? ரெண்டே கால், ரெண்டரைன்னு குறுக்கத்தான சொல்லுவாங்க?" என் கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்து, டேப்பால் சுற்றிக் காட்டினேன். அப்புறம் குறுக்கே வைத்துக் காட்டினேன். "சுத்தளவுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. உங்க மரம் இருபத்திநாலு இஞ்சுதான்."

என் கணவர் வளையலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது. ஒரே நிமிஷத்தில் மரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் சீக்கிரமே தெளிந்துவிட்டார். "அப்ப இருபத்தஞ்சு இஞ்சு மிஷின் கரெக்ட்டாப் போச்சு. கடவுள் கணக்கு" என்றார்.

கடைக்காரர் உள்ளே போய் மூன்று மிஷின்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். சின்னது, நடுத்தரம், பெரியது. "பன்னண்டு இஞ்சு, கெள கழிக்க, கையளவு வெறகு அறுக்க. பதினெட்டு, வீட்டுக்கும் ஆவும், கொஞ்சம் பெரிய மரத்துக்கும் ஆவும். இருபத்தஞ்சு, தெனமும் மரம் அறுக்கறவங்களுக்கு. பிளேடு நீளத்த மட்டும் பாக்காதீங்க சார். புளி, வேலிகாத்தான் எல்லாம் கட்டி மரம். இன்ஜினுக்கு வலு இருக்கணும். வலு இல்லாத இன்ஜின்ல நீள பிளேடு போட்டா மரத்துல நின்னு அழும்."

இது எனக்கு உடனே பிடிபட்டது. பட்டுக்குப் பதினொன்றாம் நம்பர் ஊசி, சாதாரணத் துணிக்குப் பதினான்கு, ஜீன்ஸ் என்றால் பதினெட்டு. மெல்லிய ஊசியால் ஜீன்ஸைத் தைத்தால் ஊசி உடையும். தடித்த ஊசியால் பட்டைத் தைத்தால் பட்டு கிழியும். ஊசி மட்டும் தடித்து மிஷினுக்குப் பலம் இல்லை என்றால் சக்கரமே நின்றுவிடும்.

"அந்த நடுவுல இருக்கறது எத்தன சிசிங்க?" என்று கேட்டேன்.

"அம்பதுக்கு மேல."

"நம்ம மொபெட்டும் அம்பதுதாங்க" என்றேன் என் கணவரிடம். "நம்ம ரெண்டு பேரையும் ரெண்டு மூட்ட உப்பையும் இழுக்குதே."

அவர் காதில் விழவில்லை. பெரிய மிஷினைத் தூக்கிக் கையில் பிடித்திருந்தார். கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையே புடிச்சுக்கினு நில்லுங்க" என்றேன். "அடிமரத்த அறுக்க எவ்ளோ நேரம் ஆகுமோ அவ்ளோ நேரம்."

"எவ்ளோ நேரம் வேணா நிப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் மோட்டாருக்கு வாஷர் கேட்டு வந்தார். கடைக்காரர் அவரைக் கவனிக்கப் போனார். வாஷர் சரியாக அமையவில்லை. வேறு வாஷர் தேடினார்கள். என் கணவர் மிஷினைப் பிடித்து நின்றார். முதலில் இடுப்பு உயரத்தில் இருந்த பிளேடு முட்டிக்கு வந்தது. அவர் அதை மறுபடி உயர்த்தினார். நெற்றியில் வியர்வை அரும்பியது. வாஷர்காரர் ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தார். பிளேடு நடுங்க ஆரம்பித்தது. வாஷர்காரர் பயந்து ஒதுங்கி நின்றார். கடைசியில் என் கணவர் மிஷினை மெதுவாக மேஜைமேல் இறக்கி, அதைத் தடவிக்கொடுத்து, "நல்ல மிஷின்தான். நம்ம மரத்துக்குக் கொஞ்சம் அதிகம்" என்றார். விரல்கள் விறைத்துப்போய்ப் பிடித்தபடியே இருந்தன.

"இந்தப் பக்கத்துலேர்ந்து பாதி, அந்தப் பக்கத்துலேர்ந்து பாதி அறுத்தா பதினெட்டு தாராளமாப் போதும்மா" என்றார் கடைக்காரர் என்னிடம். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் என்னிடம்தான் சொன்னார். பிளேடின் மூக்கு நுனி எதிலும் படக்கூடாது, பட்டால் மேலே எகிறும். செயின் தளர்ந்தால் முறுக்கவேண்டும். செயினுக்கு ஆயில் போய்க்கொண்டே இருக்கவேண்டும். மண்ணில் பட்டால் பல் மழுங்கிவிடும். நான் எழுதிக்கொண்டேன். வேறு தாளில்.

பதினெட்டு இஞ்சு மிஷின் வீட்டுக்கு வந்த மறுநாள் தெருவே மரத்துக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டது. என் கணவர் உப்பளத்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். பதினான்காவது இழுப்பில் இன்ஜின் பற்றியது. காகங்கள் ஊரைவிட்டே போயின. அவர் பிளேடை அடிமரத்தில் வைத்தார்.

புகை வந்தது. கரிந்த வாசனை வந்தது. மரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். இன்னும் கொஞ்சம் புகை வந்தது. "தீ வெச்சே எரிச்சிருக்கலாமேப்பா" என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

கால் மணி நேரம் கழித்து அவர் இன்ஜினை நிறுத்தினார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன். பெரிய சைஸு வாங்கியிருக்கணும். இவதான் வளையலக் காட்டிச் சின்னதா வாங்க வெச்சுட்டா."

கூட்டம் மொத்தமும் என் கையில் இருந்த வளையலைப் பார்த்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம்தான் கூர். அந்தக் கூர் போகிற திசைக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. தையல் மிஷினில் ஊசியைத் திருப்பிப் போட்டால் ஊசி ஏறி இறங்கும், தையல் மட்டும் விழாது. அந்த மாதிரிதான் இதுவும்.

"ஏங்க, இந்தச் செயினக் கழட்டினீங்களா?"

"காலையில கழட்டித் தொடச்சுப் பாத்தேன். ஏன்?"

"திருப்பி மாட்டியிருக்கீங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. என் கணவரும் சிரித்தார், அதுதான் அவருடைய நல்ல குணம். இரண்டு பேருமாக உட்கார்ந்து செயினைக் கழற்றித் திருப்பி மாட்டினோம். முறுக்கிப் பார்த்தது நான். தையல் மிஷின் பெல்ட்டின் இழுப்பு என் விரலுக்குத் தெரியும். அப்புறம் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துவந்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டேன், இரண்டு பக்கத்து வெட்டும் நடுவில் ஒன்றாகச் சேரவேண்டும் என்பதற்காக. எட்டாத இடத்தில் அந்தப் பக்கம் நின்ற ஒருத்தி சாக்கட்டியை வாங்கிக் கோட்டை முடித்தாள்.

இந்தத் தடவை மரத்தூள் மழை மாதிரி கொட்டியது. தெருவே கைதட்டியது. பாதி தூரம் போனதும் மரம் லேசாகக் கீழே அமுங்கி மிஷினைக் கவ்விக்கொண்டது. இரண்டு முனையிலும் தாங்கி நிற்கிற மரம், நடுவில் வெட்டினால் மேல்பக்கம் வாயை மூடிக்கொள்ளும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆப்பு அடித்து வாயைத் திறந்து மிஷினை மீட்பதற்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, மேலே கொஞ்சமும் மீதியைக் கீழிருந்து மேலாகவும் அறுத்தோம். கீழிருந்து அறுக்கக் குனியவேண்டும். அவருக்கு முதுகுவலி உண்டு. அப்போதுதான் முதல்முறையாக நான் மிஷினை வாங்கினேன். தையல்காரிக்குக் குனிவது ஒரு வேலையா? சாயங்காலத்துக்குள் இரண்டு இடத்தில் அறுத்து நடுவில் ஒரு துண்டை உருட்டித் தள்ளினோம். தெருவில் ஒரு வாசல் திறந்தது. மொபெட் போகிற அகலம்.

மறுநாள் அந்த வாசல் வழியாக முதலில் வந்தவர் பாட்டு டீச்சர். அன்றைக்கு மழை இல்லை. மழைக்கோட்டும் இல்லை. கொடி மாதிரி ஒல்லியான பெண்மணி.

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது புடவையின்மேல் அந்த நீல ஜாக்கெட்டைப் பிரித்துப் பிடித்திருந்தார். அதற்குள் இன்னும் இரண்டு டீச்சர்கள் நுழையலாம்.

"ஏம்மா, என்னப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"நோட்டுல இப்படித்தான் இருக்குதுங்க டீச்சர்" என்று நோட்டைக் காட்டினேன். என் கணவர் எட்டிப் பார்த்தார். "இது மேக்கால கிளையாச்சே!" என்றார் சந்தோஷமாக, தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி. "பதினாறு அடி நீளம். அடியில நாப்பத்தாறு, நடுவுல நாப்பத்திரண்டு, நுனியில பதினேழு. பின்னாடி பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு, அதான் காலியா இருந்த எடத்துல எழுதினேன்."

டீச்சர் அனுப்பிய அளவு ஜாக்கெட்டோ, கொண்டுவந்தவர் மரத்தைத் தாண்ட முடியாமல் பிளாஸ்டிக் பையோடு ஒரு கிளையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தப் பையைத் தினமும் பார்த்திருக்கிறோம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியதைச் சின்னதாக்குவது சுலபம், ஒரு மணி நேரத்தில் பிடித்துத் தருகிறேன் என்றேன். டீச்சர் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை.

"எந்தக் கிளை?" என்றார்.

என் கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். டீச்சர் அந்தக் கிளைக்கு முன்னால் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த ஜாக்கெட்டை விரித்துக் கிளையின்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அந்த மாதம் நான் தைத்ததிலேயே அதுதான் சரியான பொருத்தம்.

"தையல் நல்லாத்தான் இருக்குது" என்றார் டீச்சர். அப்புறம், "இந்தக் கிளைய நான் வெட்டணும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. ஜாக்கெட்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டார். அவர் கைக்குப் பின்னால் நான் நின்று என் கையையும் சேர்த்து மிஷினைப் பிடித்தேன். மூக்கு எதிலும் படாத மாதிரி கிளையின் நுனிப்பக்கமாக, பதினேழு அங்குலம் இருந்த இடத்தில் வைத்தோம். இன்ஜின் அலறியது. டீச்சர் கொஞ்ச நேரம் காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டார். "இது அஞ்சு கட்டையில பாடுது" என்று என் காதில் கத்தினார். மரத்தில் இறங்கியதும் சுருதி இறங்கியது. "இப்ப நாலரை!" கிளை படீரென்று விழுந்தது. டீச்சர் பின்னால் நகர்ந்து, தலைமுடியிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, "அடுத்தது?" என்றார்.

அன்றைக்கு மட்டும் ஆறு இடத்தில் அறுத்தார். ஜாக்கெட்டை நான் பிடித்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் முன்வரிசையில் நின்று பாடினார். இருபத்திரண்டு நீல ஜாக்கெட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது, மிஷினுக்கு மேல் கத்தியதால்.

விறகு அந்த வருஷம் எரியவில்லை. பச்சைப் புளி காய எத்தனை மாதம் ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அடுப்பில் வைத்தால் முனையில் நுரை தள்ளிக்கொண்டு படுத்திருந்தது. சித்திரை வெயிலுக்குப் பிறகுதான் பிடித்தது. பிடித்தால் அணையாது, அவ்வளவு நல்ல விறகு. அதற்குள் உப்பளம் திறந்துவிட்டது. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மிஷின் என்னிடம் தங்கிவிட்டது. பல் தீட்ட அரம் வாங்கினேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, எல்லாம் ஒரே பக்கமாக. அக்கம்பக்கத்தில் வேலிகாத்தான் வெட்டக் கூப்பிட்டார்கள். போனேன்.

அந்தக் கோடையில் அனுமந்தையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன் விற்கிறவர். வீட்டுக்கு மேலே பட்டுப்போன பூவரசு ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கிறது, ஆண்கள் எல்லாம் இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள் என்றார். நான் பெட்ரோல் டாங்கியைக் காலி செய்து, மிஷினை ஒரு பழைய போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் ஏறினேன். பிளேடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்தார்.

"இது என்னாம்மா, லக்கேஜா?"

"தையல் மிஷின்" என்று வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டர் பிளேடைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல என்னாம்மா தெப்ப?" என்றார்.

"கொஞ்சம் கட்டியான துணி."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். அனுமந்தையில் நாங்கள் இறங்கியபோது விசிலைக் கொஞ்சம் அவசரமாகவே ஊதினார். பூவரசு சுற்றளவு முப்பத்தெட்டு. மதியத்துக்குள் முடித்துவிட்டோம்.